ராக்னெல் சீமாட்டி களரிக்கு வந்த விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே ஆராயப்படுவது ஒரு கூத்துத் தயாரிப்பு. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த ஓர் ஆங்கிலக் கதைப்பாடலைத் திருகோணமலைக் கரையோர ஊரொன்றின் இளையோர் ஈழத்துக் கூத்தின் இரு மோடிகளில் ஒன்றான தென்மோடியில் பழகி ஆடினார்கள். ஆதர் மன்னனின் வீரன் சேர் கவேனுக்கும் ராக்னெல் சீமாட்டிக்கும் நடந்த கல்யாணம்தான் கதை. அழகில்லாத பெண் ஒருத்தியை வைத்துச் சிரிக்க வைக்கும் கதை இது. சிரிப்பு எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்காமல் களரியில், அதாவது கூத்தாடும் அரங்கில், ஏற்றினால் கதையே கெட்டுவிடும். முகமூடி, உடுப்பு, விருந்துக் காட்சி, வெள்ளைத் துணி எல்லாவற்றையும் இந்த ஒரு தீர்மானம்தான் வடிவமைத்தது. எது சரிவந்தது, எது பிழைத்தது, ஏன் பிழைத்தது என்பவை கீழே வருகின்றன.

மூலக் கதை

இந்தப் பாடல் ஒரேயொரு கையெழுத்துப் பிரதியில்தான் தப்பியிருக்கிறது. ஒக்ஸ்போர்ட் பொட்லியன் நூலகத்தில் ரோலின்சன் சி 86 என்ற எண்ணில் அது இருக்கிறது. 850 வரிகளுக்குச் சற்று மேல். நடுவில் ஒரு தாள் காணாமற் போனதால் ஏறத்தாழ 70 வரிகள் இல்லை.

ஆதர் மன்னன் இங்கிள்வுட் காட்டில் வேட்டையாடுகிறான். கூட வந்தவர்களை நிறுத்திவிட்டுத் தனியாக ஒரு கலைமானைத் தொடர்ந்து சென்று வீழ்த்துகிறான். அந்த நேரம் முழுக் கவசத்தோடு ஒருவன் முன்னே வந்து நிற்கிறான். பெயர் குரோமர். "என் காணிகளைப் பறித்துக் கவேனுக்குக் கொடுத்தாய், இப்போது உன் உயிர் என் கையில்" என்கிறான். ஆதர் வேட்டைக்கான பச்சை உடையில், ஆயுதக் காப்பு ஏதுமின்றி நிற்கிறான். குரோமர் ஒரு தவணை கொடுக்கிறான்: பெண்கள் எல்லாவற்றுக்கும் மேலாக விரும்புவது எது என்ற கேள்விக்கு ஒரு வருடத்தில் விடை கொண்டுவர வேண்டும். விடை பிழைத்தால் தலை போகும்.

ஆதரும் கவேனும் ஆளுக்கொரு திசையில் குதிரை ஏறிப் போய், கண்டவர்களிடமெல்லாம் கேட்டு ஆளுக்கொரு புத்தகம் நிறைய எழுதி வருகிறார்கள். தவணை முடியச் சிறிது காலம் இருக்கையில் காட்டில் ராக்னெல் எதிர்ப்படுகிறாள். பொன்னும் மணியும் இழைத்த சேணம் பூட்டிய குதிரையில் அமர்ந்திருக்கிறாள். ஆனால் முகம் சிவந்து, மூக்கு ஒழுகி, வாய் அகன்று, பற்கள் மஞ்சளித்து உதட்டுக்கு வெளியே நீண்டு, கண்கள் பந்தைவிடப் பருத்து இருக்கின்றன. தோள் மூன்றடி அகலம், உடம்பு பீப்பாய், முதுகில் லூட் என்ற நரம்பு வாத்தியம். கவேன் தன்னை மணந்தால் சரியான விடையைச் சொல்வதாக அவள் பேரம் பேசுகிறாள்.

ஆதர் தயங்கித் தயங்கிக் கவேனிடம் சொல்கிறான். கவேனோ ஒரு கணமும் யோசிக்காமல், அவள் பேயாக இருந்தாலும் மணப்பேன், ஒரு தரம் என்ன, மறுபடியும் மணப்பேன் என்கிறான். கதையின் மிகப் பெரிய சிரிப்பு இதுதான். மன்னன் மணிக்கணக்காகக் கலங்கிய விஷயம் நண்பனுக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

விடை: பெண்கள் விரும்புவது ஆட்சி. ஆதர் முதலில் இரண்டு புத்தகங்களையும் நீட்டிப் பார்க்கிறான். எதுவும் சரியில்லை என்று குரோமர் வாளை ஓங்கும் நேரத்தில்தான் ராக்னெலின் விடையைச் சொல்கிறான். இதைச் சொன்னவள் நெருப்பில் எரியட்டும், அவள் என் சகோதரி என்று குரோமர் சபிக்கிறான்.

பிறகு கல்யாணம், விருந்து, இரவு. அறையில் ராக்னெல் ஒரு முத்தமாவது தரச் சொல்கிறாள். கவேன் திரும்பினால் பேரழகி ஒருத்தி நிற்கிறாள். இரவில் அழகாகவும் பகலில் அவலட்சணமாகவும் இருக்கட்டுமா, பகலில் அழகாகவும் இரவில் அவலட்சணமாகவும் இருக்கட்டுமா என்று கேட்கிறாள். கவேன் இரண்டையும் எண்ணிப் பார்த்துவிட்டு, முடிவை உன்னிடமே விடுகிறேன் என்கிறான். சிற்றன்னை வைத்த சூனியம் அந்தச் சொல்லோடு முற்றாக அறுந்துபோகிறது.

ஏன் இந்தப் பிரதி

இதே கதை முடிச்சு 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோன் கவரிடமும் ஜெப்ரி சோசரிடமும் வருகிறது. மூன்றிலும் சோசர் சொன்ன வடிவமே பெயர் பெற்றது. ஆனாலும் குழு அதை ஒதுக்கியது சரியான முடிவு. அங்கே வீரன் ஒரு பெண்ணை வன்கொடுமை செய்ததற்குத் தண்டனையாகவே கேள்விக்கு விடை தேடிப் போகிறான். கடைசியில் அவனுக்கு அழகிய மனைவி வாய்க்கிறாள். ஊர்ச் சபை நடுவே, சிறுமியர் முன்வரிசையில் இருக்கும் களரியில் அந்தத் தொடக்கத்தை வைத்துக்கொண்டு நகைச்சுவை செய்ய முடியாது. கவேன் கதையில் குற்றத்தின் சாயல் மன்னன் பக்கம் இருக்கிறது. மணமகன் கை சுத்தம்.

தெரிவும் வேறு. சோசரின் கிழவி, அவலட்சணமும் விசுவாசமுமா, அழகும் சந்தேகமுமா என்று கேட்கிறாள். ராக்னெல் கேட்பது பகலா, இரவா என்று. பகல் என்றால் ஊர்ப் பார்வை, இரவு என்றால் இருவர் வாழ்வு. களரியைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருக்கும்போது பகல் என்ற சொல்லின் பாரம் எவருக்கும் விளங்கும்.

தமிழில் இதற்கு நேர்ச் சொந்தம் நளன் கதை. கார்க்கோடகன் தீண்டி உருமாறிப்போன நளனைத் தமயந்தி அவன் சமையலின் சுவையாலும், பிள்ளைகளைக் கண்டு அவன் கலங்கியதாலும் அறிந்துகொள்கிறாள். ஒரு வேறுபாடு உண்டு. தமயந்தி முன்பே காதலித்தவனைத் தேடுகிறாள். கவேனுக்கு ராக்னெலை முன்பின் தெரியாது. அவன் மணப்பது மன்னனுக்காக. காதல் கல்யாணத்துக்குப் பிறகு, முடிவை அவள் கையில் கொடுக்கும் நொடியில் பிறக்கிறது. ஆகவே அழகு வெளிப்படும் இடத்தை உச்சமாக வைத்தால் கதை சாதாரண மாயக் கதையாகிவிடும். உச்சம் கவேனின் விடையில் இருக்க வேண்டும். இதைப் பற்றிக்கொள்ளக் குழுவுக்கு நாட்கள் எடுத்தன, எடுத்தது நல்லது.

மோடியும் கால அளவும்

வடமோடி பெரும்பாலும் போர்க்கதைக்கு உரியது; தென்மோடியில் காதலும் மணமும் மிகுதி, பாட்டு இழுத்துப் பாடப்படும், உடுப்பு இலேசானது. கல்யாணத்தில் முடியும் இந்தக் கதைக்குத் தென்மோடி பொருந்தியது. விடிய விடிய ஆடும் வழக்கத்தை விட்டு, 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்துகளைச் சுருக்கி மேடையேற்றிய வழியில், மொத்தம் 95 நிமிடம் என்று அளவு வைக்கப்பட்டது. ஆட்டக்காரர் 9 பேர், பின்னின்று அடிகளைத் திரும்பப் பாடும் பிற்பாட்டுக்காரர் 4 பேர், மத்தளம் ஒன்று, தாளம் ஒரு சோடி. பெயர்களும் இடங்களும் மாற்றப்படவில்லை. ஆதரின் சபை கூடும் கார்லைல் நகரம் கார்லைலாகவே இருந்தது. கோணமாமலையையோ கன்னியா வெந்நீரூற்றையோ கதைக்குள் இழுத்திருந்தால் ஊர்க்காரர் கைதட்டியிருப்பார்கள். ஆனால் கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டன் பெயர் சொல்லும் ஊரில் ஆதரின் சபையை நடத்தினால் எதை நம்புவது என்று பார்வையாளர் தடுமாறுவார்கள்.

தொடக்க வேட்டை மட்டும் எதிர்பாராத இடத்தில் இடறியது. பிரெட்றிக் கோட்டைக்குள்ளும் நகர வீதிகளிலும் புள்ளிமான்கள் மனிதர் பக்கத்தில் திரியும் ஊர் இது. மானைக் குத்தும் ஆட்டம் வந்ததும் பிள்ளைகள் முகம் சுருங்கியது. அடுத்த பத்து நிமிடம் நகைச்சுவை எதுவும் ஏறவில்லை. அதன்பின் மான் வீழ்வது பிற்பாட்டில் இரண்டடியாக மட்டும் ஒலித்தது.

முகம்

முதலில் பல். பல் தொழில்நுட்பர் பயன்படுத்தும் அக்ரிலிக் தூளில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பன்றிக் கொம்புபோல இரண்டு பற்கள் செய்யப்பட்டன. பார்வைக்கு அருமை, பாட்டுக்குக் கேடு. உதடு மூடாததால் ப, ம, வ மூன்றும் ஒலிக்கவில்லை. தென்மோடித் தருவில் (கூத்துப் பாட்டில்) சொல் தெளியாவிட்டால் பிற்பாட்டுக்காரர் எடுத்துப் பாடவும் வழியில்லை. எச்சில் வேறு ஊறிக்கொண்டே இருந்தது. பல் கைவிடப்பட்டு, நெற்றி முதல் மேலுதட்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் மேல்வரை மூடும் அரை முகமூடி வந்தது. மேற்பல் முகமூடியின் கீழ் விளிம்பில் தொங்கியது. கீழ்ப்பல் கன்னத்தின் ஓரத்திலிருந்து வளைந்து மேல்நோக்கி நிற்கும்படி கம்பியில் கட்டப்பட்டது. வாய் முழுக்கச் சுதந்திரம்.

செய்முறை எளிது, பொறுமை வேண்டும். ஆட்டக்காரியின் முக அளவுக்குக் களிமண் அச்சு. அதன்மேல் தேங்காயெண்ணெய். ஒரு பங்கு கோதுமை மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டுக் காய்ச்சிய பசை. இரண்டு விரல் அகலக் கடதாசிக் கீற்றுகள் 6 படை: ஒரு படை பத்திரிகைத் தாள், அடுத்தது மண்ணிறக் கடதாசி. நிறம் மாறினால் எந்த இடத்தில் படை விட்டுப்போயிற்று என்பது கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு படையும் காய்ந்த பின்பே அடுத்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அரை நாளில் காயும். ஆனால் வெயிலில் வைத்தால் விளிம்பு சுருண்டு முகத்தில் பொருந்தாது, நிழலில்தான் வைக்க வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் இரண்டு நாளானாலும் ஈரம் போகாது, உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். மாப்பசையைக் கரப்பானும் எலியும் தேடி வரும். கடைசிப் படையை மட்டும் தச்சர் வெள்ளைக் கோந்தில் பாதித் தண்ணீர் கலந்து ஒட்டினால் அந்தத் தொல்லை குறையும். மயில்துத்தம் கலக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. முகத்தில் படும் பொருளுக்கு அது ஆகவே ஆகாது.

முதல் முகமூடி கனத்துப் போய் நெற்றியில் வெட்டியது. மூக்குத் துளை சிறிதாகையால் நீண்ட அடிக்கு மூச்சுப் போதவில்லை. துளையைப் பென்சில் தடிப்பிலிருந்து பெருவிரல் தடிப்புக்கு அகட்டி, நெற்றி உட்புறத்தில் பஞ்சுத் துண்டு ஒட்டிய பிறகே பாட்டு இயல்பாக வந்தது.

நிறத்தைப் பற்றிக் கறாரான முடிவு ஒன்று எடுக்கப்பட்டது: கறுப்புப் பூசுவதில்லை. மூலத்தில் ராக்னெலின் முகம் சிவப்பு. நம் ஊர்ப் பேச்சில் அவலட்சணம் என்றவுடன் கறுப்பு என்று கை தன்னால் போகிறது. ஒப்பனைக்காரர் முதல்நாள் கரியைக் குழைத்தது அந்தப் பழக்கத்தால்தான். அப்படிப் பூசியிருந்தால் முன்வரிசைச் சிறுமிகளில் பாதிப்பேர் தங்கள் நிறத்தைத்தான் களரியில் கேலியாகக் கண்டிருப்பார்கள். செங்காவிதான் பூசப்பட்டது. உருமாறிய பின்பும் வெள்ளை மா அப்பாமல் ஆட்டக்காரியின் சொந்த முகமே நின்றது.

உடம்பு

பீப்பாய் உடம்புக்குப் பஞ்சு மெத்தை கட்டிப் பார்த்தார்கள். திருகோணமலைப் புழுக்கத்தில் அது வியர்வையைக் குடித்து இரட்டிப்பாகக் கனத்தது. ஆட்டக்காரி துள்ளி ஆடும் துள்ளுமிதியில் மயங்கும் நிலைக்குப் போனாள். தீர்வு கூத்துக்குள்ளேயே இருந்தது. வடமோடி அரசர் கட்டும் கரப்புடுப்பில் பிரம்பு வளையங்கள் உண்டு, உள்ளே காற்றோடும். மூன்று வளையம், அடிவளையம் மூன்றடி விட்டம், தோளில் துணிப்பட்டி. மூலத்தின் மூன்றடித் தோளும் அதில் சேர்ந்துவிட்டது.

ஆதருக்கும் அதே அளவுக் கரப்பு கட்டப்பட்டது. தென்மோடிக்குள் வடமோடி உடுப்பா என்று மூத்தவர்கள் கடிந்தார்கள். அந்தக் கண்டிப்பில் நியாயம் உண்டு. ஆனால் களரியில் நடந்தது எந்த வசனத்தாலும் சொல்ல முடியாத ஒன்று. ஆதர் கரப்போடு வரவு, அதாவது களரிக்குள் நுழையும் ஆட்டம், ஆடினான். சபை நிமிர்ந்து பார்த்தது. ராக்னெல் அதே கரப்போடு, அதே தாளத்துக்கு வந்தாள், சபை சிரித்தது. மன்னனிடம் மிடுக்காகத் தெரிந்த அகலம் பெண்ணிடம் கேலியாகிவிட்டதைப் பார்த்தவர்கள் தாங்களாகவே உணரத் தொடங்கினார்கள். இந்தத் தயாரிப்பின் மிகச் சிறந்த முடிவு இது.

கூனலுக்குத் தனி மூட்டை தேவைப்படவில்லை. மூலத்தில் உள்ள லூட் வாத்தியமே முதுகில் தொங்கியது. பின்னிருந்து வெளிச்சம் விழுந்தால் கூனல். கையில் எடுத்தால் வாத்தியம்.

யார் ஆடுவது

கூத்தில் பெண் வேடத்தை ஆண் கட்டுவது நெடுநாள் வழக்கம். ராக்னெலை மட்டும் ஆண் கட்டக்கூடாது. ஆண் கட்டினால் அவலட்சணம் வேடத்தின் குறும்பாகிவிடும். பெண்ணின் வலி என்று ஒன்று இருப்பதே மறையும். கடைசியில் வெளிவரும் அழகும் அதே உடலாக இருக்க முடியாது. உடம்பைப் பார்த்தும் தேர்வு செய்யக்கூடாது. பருமனான பெண்ணைத் தேடிப் பிடித்து இந்த வேடத்தைக் கொடுப்பது அவமானம். மூன்று அட்சரம் இழுத்தாலும் சுருதி தளராத குரல், ஐந்து தாளக்கட்டும் பிசகாத கால், இவை இரண்டும்தான் அளவுகோல். பாத்திரங்களைப் பகிர்ந்து பாட்டுக் கொப்பி வழங்கும் சட்டங் கொடுக்கும் நாளில் ராக்னெல் கொப்பியைப் பெற்ற பிள்ளை ஊரிலேயே நல்ல பாட்டுக்காரி. "பல்லும் நகமும் நான் பார்த்துக்கொள்ளுறன், பிள்ளை, நீ அவளைச் சீமாட்டியாவே ஆடு, கோமாளியா ஆடாத" என்றார் கூத்தைப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியார். ராக்னெல் ஒரு தரமும் தன்னைத் தானே கேலி செய்வதில்லை. குனிவதில்லை. மூலத்திலும் அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.

விடை தேடும் காட்சி

வட்டக்களரியின் பயன் முழுவதும் இங்கே கிடைத்தது. ஆதரும் கவேனும் சீஆர் கொப்பியும் பேனையுமாக எதிரெதிர்ப் பக்கம் இறங்கி, சபைக்குள் போய்க் கேள்வி கேட்டார்கள். சேலை, நகை, குடிக்காத புருசன், வெளிநாட்டு விசா, பிள்ளைகளுக்கு வேலை, ஒருநாள் சமைக்காத சமையலறை என்று விடைகள் வந்தன. களரியில் அறிவித்தல் சொல்லும் கட்டியகாரன் அவற்றைத் தாளத்தோடு வாசித்தான்.

பிழைத்தது அளவில். முதல் ஆட்டத்தில் கேட்டவர் எல்லோரையும் எழுதப்போய் இருபது நிமிடம் ஓடியது. மத்தளக்காரர் சும்மா இருந்தார். பின்வரிசை இளைஞர் ஆபாசமாகக் கத்தத் தொடங்கினார்கள். அடுத்த ஆட்டத்தில் ஆளுக்கு நான்கு விடை, அதிலும் முதல் விடை ஒரு மூதாட்டியிடம், என்று வரையறுக்கப்பட்டது. மூத்த பெண் ஒருவர் முதலில் பேசிவிட்டால் அதன்பின் எவரும் கொச்சையாகப் பேசுவதில்லை. மொத்தம் ஆறு நிமிடம்.

ஆட்சி என்ற விடை களரியில் ஒலிக்கும்போது இலங்கையின் கிழக்கில் அதற்குத் தனி எதிரொலி உண்டு. இங்கே வீடு மகளுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி வருகிறான். காணி உறுதி அவள் பெயரில் இருக்கும், முடிவு அவன் வாயில் இருக்கும் வீடுகள் எத்தனையோ. விடை சொல்லப்பட்டதும் பெண்கள் பக்கம் எழுந்த சிரிப்புக்கு அதுதான் காரணம்.

கல்யாணமும் விருந்தும்

அரசி கினிவியர், விடியற்காலையில் இரகசியமாகக் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று கெஞ்சுகிறாள். ராக்னெல் மறுக்கிறாள்: நாடறிய, எல்லாச் சீமாட்டிகளும் பார்க்கக் கல்யாணம் நடக்க வேண்டும், விருந்து திறந்த மண்டபத்தில் வேண்டும். இந்த இடத்தில் கட்டியகாரன் தட்டத்தில் வெற்றிலை பாக்கோடு சபையைச் சுற்றி வந்து அழைப்பு வைத்தான். வெற்றிலையை எடுத்தவர் கல்யாண வீட்டு ஆளாகிவிட்டார். மணப்பெண்ணைக் கேலி செய்ய அதன்பின் கொஞ்சம் கூசும். 60 வெற்றிலை போதும். தட்டம் முழு வட்டமும் போக நேரமில்லை, பக்கத்தவர் கைமாற்றிக்கொள்வார்கள்.

விருந்தில் ராக்னெல் ஆறு பேரின் சாப்பாட்டைச் சாப்பிடுகிறாள். காயடித்துக் கொழுத்த சேவல் மூன்று, வளைந்த அலகுள்ள கரைப்பறவை மூன்று, சுட்ட இறைச்சி வேறு. மூன்றங்குல நகத்தால் இறைச்சியைக் கிழிக்கிறாள். நகம் பனையோலையில் வெட்டி விரல் வளையத்தில் செருகப்பட்டது. பிளாஸ்ரிக் போத்தலில் வெட்டிய நகம் விளிம்பு கூராகிச் சக நடிகரின் கையைக் கீறிவிட்டது. பறவைகள் றெஜிபோம் என்ற இலேசான நுரைப் பொருளில் செதுக்கியவை, வயிற்றில் குழி. குழிக்குள் என்ன வைப்பது என்பதில்தான் சிக்கல். பாண் துணுக்கு தொண்டையில் ஒட்டி அடுத்த தருவில் இருமலாயிற்று. இதரை வாழைப்பழம் நாக்கில் பசையாகப் படிந்தது. நன்கு பழுத்த பப்பாசித் துண்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஒரு வாய்க்கு ஒரு துண்டு, பாட்டுக்கு முன் இரண்டு மிடறு தண்ணீர்.

எட்டு நிமிடம் நீண்ட விருந்து முதல் ஆட்டத்தில் தோற்றது. மூன்று நிமிடம்வரை சிரித்தவர்கள் அதன்பின் அருவருத்தார்கள். காரணம் எல்லாப் பார்வையும் ராக்னெலின் வாயில் குவிந்ததுதான். திருத்தத்தில் ராக்னெல் அமைதியாக, ருசித்து, தன் பாட்டில் சாப்பிட்டாள். ஆட்டம் முழுவதும் சுற்றியிருந்த பிரபுக்களுக்குப் போயிற்று. ஒருவன் கண்ணை மூடுகிறான், ஒருவன் கையில் கோப்பையைத் தலைகீழாகப் பிடிக்கிறான், ஒருவன் கதிரையைத் தாளத்துக்கு ஓர் அங்குலமாக நகர்த்திக்கொண்டே போய்க் களரிக்கு வெளியே விழுகிறான். சிரிப்பு இரட்டித்தது, அதன் இலக்கும் மாறியது. இரண்டாம் ஆட்டத்தில், "அந்தப் பிள்ளைக்கு இன்னுமொரு கோழி வையுங்கோவன், பசியோட வந்திருக்கு" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. திருத்தம் வேலை செய்ததற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

காணாமற் போன தாளும் இரவும்

மூலத்தில் தாள் விடுபட்டிருப்பது சரியாக இங்கேதான். விருந்து நடுவில் அறுந்து, மறுபடி தொடங்கும்போது இருவரும் அறையில் இருக்கிறார்கள். நாடகம் எழுதுவோருக்கு இது கிடைத்தற்கரிய இடம். ராக்னெல் அதுவரை முதுகில் சுமந்த வாத்தியத்தைக் கையில் எடுத்துத் தனியே ஒரு விருத்தம் பாடுவதாகக் குழு அந்த இடைவெளியை நிரப்பியது. மத்தளம் ஓயும், குரல் மட்டும். முகமூடிக்குள்ளிருந்து வரும் அந்தக் குரல்தான் உருவத்துக்கு அப்பால் ஒருத்தி இருக்கிறாள் என்பதைக் கவேனுக்கும் சபைக்கும் ஒரே நேரத்தில் அறிவிக்கிறது.

அறைக் காட்சிக்குக் கட்டில் இல்லை. கூத்தில் வரவின்போது இருவர் பிடிக்கும் வெள்ளைத் துணியே சுவர். வட்டக்களரியில் எல்லாப் பக்கமும் கண் இருப்பதால் நால்வர் நான்கு மூலையில் பிடித்தார்கள். மாலைக் கடற்காற்று துணியைப் பாய்போலப் புடைத்துத் தூக்கி முதல் ஆட்டத்தில் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. மேல் விளிம்பில் மூங்கில், கீழ் விளிம்பில் மணல் நிரப்பிய குழல் தைத்த பிறகு துணி அசையவில்லை.

பெரிய பிழை வேறு. முகமூடி, நகம், கரப்பு எல்லாவற்றையும் துணிக்குள் ஒரேயடியாகக் களைந்து பட்டுச் சேலையில் ராக்னெல் வெளிவந்தபோது கரகோஷம் அடங்கவே இல்லை. அதன் பிறகு வர வேண்டிய பகலா இரவா என்ற கேள்வி அந்த இரைச்சலில் மூழ்கிப்போனது. கவேனின் விடை எவர் காதிலும் விழவில்லை. அழகு வெளிப்பட்டுவிட்டது, கதை முடிந்தது என்று சிலர் பாயைச் சுருட்டினார்கள்.

திருத்தம்: உருமாற்றத்தை இரண்டாகப் பிரிப்பது. துணிக்குள் முகமூடி மட்டும் கழன்றது. வெளிவந்தவளுக்குச் சொந்த முகம். ஆனால் கரப்பும் நகமும் அப்படியே. பாதி விடுதலையான அந்த உருவத்தோடுதான் அவள் கேள்வியைக் கேட்டாள். கவேன் களரியை ஒரு சுற்று நடந்து, பகல் பக்கம் ஒரு தரம், இரவுப் பக்கம் ஒரு தரம் நின்று, கடைசியில் அவள்முன் வந்து, உன் வாழ்வு, உன் முடிவு என்று பாடினான். அதன்பின் துணி இல்லை, உதவியாளர் இல்லை. ராக்னெல் தன் கையாலேயே தோள்பட்டியை இழுத்தாள். கரப்பு காலடியில் விழுந்தது. ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு இதற்கு அவசியம். இரண்டு சுற்றுப் போட்டால் வியர்வையில் இறுகிவிடும். நகங்களை ஒவ்வொன்றாக அவளே கழற்றிக் கவேனின் உள்ளங்கையில் வைத்தாள். கரகோஷம் இப்போது உரிய இடத்தில் எழுந்தது.

மறுநாள் காலை இலேசானது. அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மதியமாகியும் கவேன் எழும்பாததால் பேய் அவனைக் கொன்றுவிட்டதோ என்று ஆதர் சபையோடு கதவைத் தட்டுகிறான். செந்நிறக் கூந்தல் முழங்கால்வரை தொங்க ராக்னெல் நெருப்பருகே நிற்கிறாள். இரண்டு நிமிடம், விரைவு தாளம், அவ்வளவுதான்.

ஐந்து வருடமும் காணியும்

மூலத்தில் ராக்னெல் ஐந்து வருடமே வாழ்ந்தாள். கிங்கலின் என்ற மகனைப் பெற்றாள். வேறெந்தப் பெண்ணையும் கவேன் அவ்வளவு நேசிக்கவில்லை. தென்மோடியை மங்களத்தோடு முடிப்பதா, சாவைச் சொல்வதா என்று வாதம் நடந்தது. மங்களத்துக்கு முன் கட்டியகாரன் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டுப் போவதென்று முடிவாயிற்று. சரியான அளவு அது. மறைத்தால் மூலத்துக்குத் துரோகம், நீட்டினால் கல்யாண வீட்டில் ஒப்பாரி.

ஆனால் சபை கேட்டது வேறு. ராக்னெல் தன் சகோதரனிடம் நல்லபடி நடக்குமாறு ஆதரிடம் வேண்டுகிறாள், ஆதர் ஒப்புக்கொள்கிறான். மூலம் அத்தோடு விடுகிறது. திருகோணமலையில் அது போதவில்லை. காணி பறிபோனவனின் கோபத்துக்கு இங்கே உரை எழுத வேண்டியதில்லை. குரோமர் வில்லனாகப் பழக்கப்பட்டிருந்தும் முதல் வரவிலேயே சபையின் அனுதாபம் அவன் பக்கம் சாய்ந்தது. மங்களம் தொடங்கியபோது, "காணி என்ன மாதிரி?" என்று ஒருவர் எழுந்து கேட்டார், பலர் அதையே திருப்பிக் கேட்டார்கள்.

அடுத்த ஆட்டத்துக்குள் நான்கடித் தரு ஒன்று சேர்ந்தது. கவேன் தன் பங்குக்கு வந்த காணி உறுதியை எடுத்து ராக்னெலிடம் கொடுக்க, அவள் அதைக் குரோமரிடம் நீட்டுகிறாள். மூலத்தில் இது இல்லை என்பது அறிவித்தல் தாளில் தெளிவாக அச்சிடப்பட்டது. தரு ஒரு நிமிடத்தைத் தாண்டக்கூடாது, குரோமர் அழக்கூடாது, உறுதியை வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டே தலையாட்ட வேண்டும் என்று அண்ணாவியார் வரையறுத்திருக்கிறார். பாடசாலை மண்டபங்களில் ஆடும்போது வட்டக்களரி கிடைக்காது. அங்கே துணிக்கு இருவர் போதும், வெற்றிலைத் தட்டம் நடு வழியால் வர வேண்டும், விடை கேட்கும் இருவரும் இரு ஓரத்துப் படிகளால் இறங்க வேண்டும். இந்தத் தருவை மட்டும் மேடையில் ஆடாமல் கீழே, முதல் வரிசைக்கு முன்னால் ஆட வேண்டும்.